குடுமி வைத்த வெள்ளி யானை

ராஜாவுக்குத் தும்மல் வந்தால்கூட அது சட்டமாகிவிடுமோ என்று ஜனங்கள் பயந்துகொண்டிருந்த ஒரு காலத்தில், உதயகீர்த்தி என்ற மகாராஜா ஒரு தேசத்தை ஆண்டுவந்தார். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் மனசில் ஒரு ஆசை முளைத்துவிட்டால் அடங்கமாட்டார். ஒரு வருஷம் தோட்டத்து மயில்களுக்குச் சலங்கை கட்டச் சொன்னார். மறு வருஷம் குளத்து மீன்களுக்கு நெற்றியில் சந்தனம் இடச் சொன்னார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், மயிலும் மீனும்தானே கஷ்டப்பட்டன. ஊஞ்சல் ஆசை வந்தபோதுதான் ஜனங்களுக்குத் தலைவலி பிடித்தது.

மகாராஜாவின் பாட்டனார் காலத்தில் அடித்த வெள்ளிக்காசு ஒன்று உண்டு. ஒரு பக்கம் யானை, மறு பக்கம் நெற்கதிர். யானைக்காசு என்று பேர். சுத்த வெள்ளி. கல்லில் சுண்டிவிட்டால் கிணீரென்று இழுத்துப் பாடும். பின்னால் வந்த காசெல்லாம் பாதிக்குப் பாதி செம்பு என்பதால் யானைக்காசுக்குத் தனி மரியாதை இருந்தது.

அந்த தேசத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம். யானைக்காசு கிடைத்தால் பெட்டியில் வைத்துப் பூட்டமாட்டார்கள். தட்டானிடம் கொடுத்து விளிம்பில் ஒரு வளையம் பற்றவைத்து, கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். கல்யாணம், காய்ச்சல், பஞ்சம் என்று ஏதாவது வந்தால் ஒன்றைக் கழற்றி, வளையத்தை அரத்தால் அராவி எடுத்துவிட்டுச் செலவழிப்பார்கள். அராவிய இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு நிற்கும். ஒரு தட்டான் யானையின் வால் பக்கம் வைப்பான், இன்னொருவன் காலடியில் வைப்பான், அவரவர் கைப்பழக்கம். தழும்பில்லாத யானைக்காசைப் பார்ப்பதே அபூர்வம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மகாராஜா ஒருநாள் காலையில் எழுந்து, “என் பாட்டனார் மடியில் உட்கார்ந்து ஆடவேண்டும்போல் இருக்கிறது” என்றார். பாட்டனார் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அதனால் ஊஞ்சல் பலகை முழுவதும் பாட்டனார் அடித்த யானைக்காசைப் பதித்து, அதில் உட்கார்ந்து ஆடுவது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு யானைக்காசு வரியாகக் கொண்டுவந்து கட்ட வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

கருவூலத்துக்குத் தனபதியார் என்று ஒருவர் தலைவராக இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் தேன். அவர் சபையில் எழுந்து கைகட்டி நின்றார்.

“மகாராஜா, நாட்டில் கள்ளக்காசு நடமாடுகிறது. கள்ளக்காசின்மேல் தாங்கள் அமர்ந்தால் பாட்டனாருக்கு அவமானம். நோட்டம் பார்க்கும் பொறுப்பை அடியேன் ஒருவனிடமே விட வேண்டும். நான் நல்லது என்றால் நல்லது, கள்ளம் என்றால் கள்ளம். தண்டனையும் கடுமையாக இருக்க வேண்டும்.”

“அப்படியே ஆகட்டும். எவர் கையில் கள்ளக்காசு இருக்கிறதோ அவருடைய வலது கை வெட்டப்படும். யாராக இருந்தாலும் விலக்கு இல்லை” என்றார் மகாராஜா. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் முதல் அரண்மனை வாசலில் ஒரு கருங்கல்லைப் போட்டுக்கொண்டு தனபதியார் உட்கார்ந்தார். காசை வாங்குவார். நல்ல காசாக இருந்தால் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தபடி கல்லில் தட்டுவார். குரல்வளையைப் பிடித்துக்கொண்டால் யார்தான் பாடுவார்கள்? காசு ‘டொக்’ என்று மட்டும் சொல்லும். “கள்ளக்காசு!” என்பார். எதிரே நிற்கிறவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான். தனபதியார் குரலைத் தாழ்த்தி, “பிள்ளைகுட்டிக்காரனாகத் தெரிகிறாய். இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். இதை வைத்துவிட்டு, வேறு நல்ல காசாகக் கொண்டு வா” என்பார். அவனும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மனைவி கழுத்திலிருந்து இன்னொன்றைக் கழற்றப் போவான். தனபதியாருக்குக் கருணை உள்ளம் என்று ஊரில் பேச்சுகூடக் கிளம்பியது. எனக்கு அந்தக் கருணையைக் கேட்கும்போதே வயிறு எரிகிறது.

இந்தச் சபையில்தான் குப்பாண்டி விகடகவியாக இருந்தான். ஒல்லி உடம்பு, பெரிய தலைப்பாகை, அதைவிடப் பெரிய வாய். மகாராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. சிரித்த கையோடு மகாராஜா பக்கத்தில் நிற்கும் தனபதியாரிடம் கையை நீட்டுவார், தனபதியார் மடியிலிருக்கும் பையிலிருந்து ஒரு யானைக்காசை எடுத்து வைப்பார், மகாராஜா அதைக் குப்பாண்டிக்குக் கொடுப்பார். சபையில் இது தினசரி வழக்கம். நாளெல்லாம் கைகட்டி நிற்கிற தன்னைப் பார்த்து மகாராஜா ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லையே என்று தனபதியாருக்கு உள்ளூரப் புகைந்துகொண்டே இருந்தது.

காசு சேரச் சேர ஊஞ்சல் பலகையில் பதித்துக்கொண்டே வந்தார்கள். மகாராஜாவும் பொறுமையில்லாமல் பாதிப் பலகையிலேயே ஆடத் தொடங்கிவிட்டார். ஆனால் ஆடிவிட்டு எழுந்தால் வெள்ளைப் பட்டு வேட்டியின் பின்பக்கம் கறுப்பாக அப்பியிருக்கும். வண்ணானைக் கூப்பிட்டு, “துணி வெளுக்கிறாயா, கரி பூசுகிறாயா?” என்று தினமும் திட்டினார். வேட்டியைத் துவைத்துத் துவைத்து அவனுக்குக் கை வெந்துபோயிற்று.

அப்படியிருக்கையில் மயிலாத்தா என்ற மோர்க்காரி வரி கட்ட வந்தாள். கோடை முழுவதும் அரண்மனைத் தண்ணீர்ப்பந்தலுக்கு மோர் ஊற்றியவள் அவள்தான். அதற்குக் கூலியாகக் கருவூலத்தில் ஒரு யானைக்காசு கொடுத்திருந்தார்கள். அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்து அப்படியே கொண்டுவந்தாள்.

தனபதியார் அதை வாங்கிச் சுண்டினார். இந்தக் காசை இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தானாகவே ‘டொக்’ என்று விழுந்தது.

“கள்ளக்காசு” என்றார்.

“சாமி, நல்லாப் பாருங்க. நீங்கதான குடுத்தீங்க? மோருக்குக் கூலின்னு உங்க கையாலதான இந்தக் காசை வச்சீங்க?” என்றாள் மயிலாத்தா.

“வாயை அடக்கு. பாவம் பார்த்து விடுகிறேன். இதை வைத்துவிட்டு வேறு கொண்டு வா.”

“வேற காசுக்கு நான் எங்க போவேன்? இது கள்ளக்காசுன்னா குடுத்த கையில்ல முதல்ல வெட்டணும்? அது யாரு கைன்னு நீங்களே சொல்லுங்க, இந்தச் சனமும் கேக்கட்டும்.”

நீங்களும் நானுமாக இருந்தால் காசை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்போம். மயிலாத்தா அசையவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். முணுமுணுப்பைக் கேட்டதும் தனபதியாருக்கு முகம் வெளுத்தது. “கட்டுங்கள் இவளை!” என்று கத்தினார். கையைக் கட்டிச் சபைக்கு இழுத்துப்போனார்கள்.

மகாராஜா விசாரித்தார் என்று சொல்ல முடியாது. தனபதியார் சொன்னதைக் கேட்டார், அவ்வளவுதான். “சட்டம் சட்டம்தான். நாளை இவள் வலது கையை வெட்டிவிடுங்கள்” என்றார்.

குப்பாண்டி எழுந்தான்.

“மகாராஜா, ஒரு விண்ணப்பம்.”

“சொல் குப்பாண்டி. சிரிப்பு வருமா?”

“வராது. காசை வார்த்தவனை விட்டுவிட்டு வாங்கினவளைத் தண்டிப்பது, பாம்பை விட்டுவிட்டுக் கடிபட்டவனை அடிக்கிற மாதிரி இருக்கிறது.”

மகாராஜா முகம் சிவந்தது. “என் சட்டத்தையா கேலி செய்கிறாய்?”

“கேலி செய்வதுதானே மகாராஜா எனக்குக் கொடுத்த வேலை? சட்டத்தைப் போட்டது தாங்கள். நோட்டம் பார்ப்பது தனபதியார். குற்றவாளியைக் காட்டுவதும் தனபதியார். கையைக் கொடுப்பது மட்டும் மோர்க்காரி. நடுவில் எங்கேயோ இடிக்கிறது.”

தனபதியார் இந்தச் சமயத்துக்குத்தான் காத்திருந்தார். “மகாராஜா, குப்பாண்டிக்கு நோட்டம் தெரியும் போலிருக்கிறது. நாளை நல்ல காசையும் கள்ளக்காசையும் கலந்து ஒரு குவியலாகக் கொட்டுகிறேன். பிரித்துக் காட்டட்டும். கல்லில் சுண்டக் கூடாது. உரைகல் கூடாது. தராசு கூடாது. வெட்டவோ கடிக்கவோ கூடாது. ஒரு காசு தப்பினாலும் மோர்க்காரியின் கையோடு இவன் கையும் போகட்டும்.”

“சரிதானா குப்பாண்டி?” என்றார் மகாராஜா. அவருக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

மயிலாத்தா கட்டின கையோடு குப்பாண்டியைப் பார்த்தாள். “வேணாம் அண்ணே. போறது என் ஒருத்தி கையோட போகட்டும்” என்றாள்.

“சரிதான் மகாராஜா” என்றான் குப்பாண்டி.

சொல்லிவிட்டானே தவிர, நோட்டம் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. மகாராஜா கொடுத்ததை வாங்கி மனைவி சொக்கியிடம் கொடுப்பதோடு சரி.

வீட்டுக்குள் நுழைந்தால் சொக்கி அந்தக் காசுகளையெல்லாம் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலை கோப்பதற்காகத் தட்டானிடம் கொண்டுபோகலாம் என்று பானையிலிருந்து எடுத்தவள், பார்க்கப் பார்க்க முகம் மாறிப்போயிருந்தாள்.

“உங்க கையை வெட்டப் போறாங்களாமே? ஊரெல்லாம் பேச்சு” என்றாள்.

“ஆமாம் சொக்கி.”

“நல்லா வெட்டட்டும்! எவ கழுத்துல இருந்து இத்தனை காசை உருவினீங்களோ, அந்தக் கை போகட்டும்!”

குப்பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. “எவ கழுத்து?”

“எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? எல்லாக் காசுலயும் வளையம் வச்ச தழும்பு ஒரே எடத்துல இருக்கு பாருங்க, யானை தலைக்கு மேல, குடுமி வச்ச மாதிரி! ஒரே தட்டான், ஒரே மாலை, ஒரே கழுத்து. தெனம் ஒண்ணு கழட்டிக் குடுத்திருக்கா. நீங்க ராசா குடுத்தாரு ராசா குடுத்தாருன்னு கொண்டாந்து என் தலையில கட்டியிருக்கீங்க!”

குப்பாண்டி சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு காசை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

எல்லா யானைக்கும் குடுமி இருந்தது. எல்லாக் குடுமியும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அதன் அடியில் அரம் வழுக்கி விழுந்த கீறல் ஒன்று, தும்பிக்கை வரைக்கும் ஓடியது. அந்தக் கீறலும் எல்லாக் காசிலும் இருந்தது. ஒரே தட்டான் ஒரே மாலைக்கு வளையம் வைத்து அராவினாலும், வழுக்கின அரம் ஒவ்வொரு காசிலும் ஒரே கீறலையா போடும்?

“சொக்கி, உன் அம்மா வீட்டுக் காசைக் கொஞ்சம் கொடு” என்றான். அவள் கழுத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்த யானைக்காசு அது. அவள் முறைத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். அதில் வளையம் யானையின் வால் பக்கம் இருந்தது, கீறல்களும் வேறு. ஆட்டுக்கல்லின்மேல் சுண்டினான். கிணீரென்று பாடியது. மகாராஜா கொடுத்த காசைச் சுண்டினான். ‘டொக்’ என்றது. மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே ஈயம்.

அவனுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. இத்தனை நாள் தொண்டை வறளக் கத்தி, குட்டிக்கரணம் போட்டு, மகாராஜாவைச் சிரிக்கவைத்ததற்குக் கிடைத்த கூலி ஈயம். கோடை முழுக்க மோர் ஊற்றினவளுக்கும் ஈயம், அதோடு அவள் கையும் போகப் போகிறது.

“அப்ப இந்தக் காசு எந்தக் கழுத்துலதான் கெடந்துச்சு?” என்றாள் சொக்கி, இன்னும் விடாமல்.

“நாளைக்குச் சபைக்கு வா, தெரியும்” என்றான் குப்பாண்டி.

மறுநாள் சபையில் நிற்க இடமில்லை. நடுவில் காசுக் குவியல், பக்கத்தில் வாசலிலிருந்து தூக்கிவந்த கருங்கல். ஒரு பக்கம் கட்டின கையோடு மயிலாத்தா, அவள் காசு ஒரு தட்டில் தனியாக. கத்தியோடு கொலைச்சேவகன். மகாராஜா சிம்மாசனத்தில், பக்கத்தில் தனபதியார்.

“தொடங்கலாமே” என்றார் தனபதியார், தேன் சொட்ட.

“ஒரு சந்தேகம். நான் பிரித்தது சரியா தப்பா என்று சொல்லப்போவது யார்?”

“நோட்டம் பார்க்கும் அதிகாரம் என் ஒருவனுக்குத்தான் உண்டு. நான்தான் சொல்வேன்.”

“நீங்கள் சொன்னால் மாற்றமில்லையே?”

“இல்லை. மகாராஜாவின் ஆணை.”

“அதைத்தான் கேட்க விரும்பினேன்” என்று குப்பாண்டி மகாராஜா பக்கம் திரும்பினான். “மகாராஜா, கை போகப்போகிறது. அதற்குமுன் கடைசியாக ஒரு விகடம் செய்து, இந்தக் கையால் ஒரு பரிசு வாங்கிக்கொள்கிறேன்.”

மகாராஜாவுக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான். “செய்” என்றார்.

குப்பாண்டி தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். தனபதியார் மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு கல்லின் முன் உட்கார்ந்தான். தன் தொண்டையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பாடு! பாடு!” என்று அதட்டினான். உடனே எழுந்து எதிர்ப்பக்கம் போய், “கக்… கெக்…” என்று விழி பிதுங்கினான். மறுபடியும் இந்தப் பக்கம் வந்து, “இவன் பாடவில்லை. கள்ளக் குப்பாண்டி! ஆனாலும் எனக்குக் கருணை உள்ளம். உன் தலையை இங்கே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வேறு தலை கொண்டு வா!” என்றான்.

வரி கட்டி நொந்துபோயிருந்த ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். மகாராஜாவுக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி, வழக்கம்போல் பக்கத்தில் கையை நீட்டினார். தனபதியாரும் வழக்கம்போல் மடிப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து அந்தக் கையில் வைத்தார். பழகின கை, யோசிக்கவில்லை. மகாராஜா காசைக் குப்பாண்டியிடம் நீட்டினார்.

குப்பாண்டி வாங்கவில்லை. குனிந்து காசை மட்டும் உற்றுப் பார்த்தான். யானைக்குக் குடுமி இருந்தது.

“கையை அப்படியே வையுங்கள் மகாராஜா, அசைக்காதீர்கள்! கொலைச்சேவகரே, இங்கே வாரும். கத்தியோடு வாரும்!”

சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“என்ன உளறுகிறாய்?” என்று உறுமினார் மகாராஜா.

“எவர் கையில் கள்ளக்காசு இருக்கிறதோ அவருடைய வலது கை. யாராக இருந்தாலும் விலக்கு இல்லை. தங்கள் வாயால் வந்த சட்டம். தனபதியாரே, மகாராஜா கையில் இருப்பது நல்ல காசா, கள்ளக்காசா? தங்கள் தீர்ப்புக்காக எல்லாரும் காத்திருக்கிறோம்.”

“ந… நல்ல காசு! இதில் என்ன சந்தேகம்?” என்றார் தனபதியார்.

“சந்தோஷம்.” குப்பாண்டி மகாராஜா கையிலிருந்து காசை எடுத்தான். தட்டிலிருந்த மயிலாத்தாவின் காசையும் எடுத்தான். இரண்டையும் தலைப்பாகைத் துணியில் போட்டு நன்றாகக் குலுக்கி, கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

“இதில் ஒன்று மகாராஜாவின் காசு, நல்ல காசு. மற்றது மோர்க்காரியின் காசு, கள்ளக்காசு. இரண்டும் தங்கள் தீர்ப்பு. எது எது என்று இப்போது பிரித்துக் காட்டுங்கள். சுண்டக் கூடாது, உரைகல் கூடாது, தராசு கூடாது, வெட்டவோ கடிக்கவோ கூடாது. எனக்கு விதித்ததுதான் தங்களுக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், மகாராஜாவின் காசைக் காட்டிக் கள்ளம் என்று சொல்லிவிட்டால் போவது மகாராஜாவின் கை.”

தனபதியார் குனிந்தார். இரண்டு யானையும் இடது பக்கம் சாய்ந்த குடுமியோடு அவரைப் பார்த்தன. இரண்டின் தும்பிக்கையிலும் ஒரே கீறல். திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கு வழியாக ஓடியது. எதைத் தொட்டாலும் ஆபத்து. மகாராஜா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, “ம், சீக்கிரம் சொல்லும்!” என்றார்.

“இரண்டும்… இரண்டுமே நல்ல காசு” என்றார் தனபதியார்.

“பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை.”

“இரண்டும் நல்ல காசு!”

“அப்படியானால் மயிலாத்தா கையில் இருந்ததும் நல்ல காசு. எதற்கு அந்த அம்மாள் கையைக் கட்டியிருக்கிறீர்கள்? அவிழ்த்துவிடுங்கள்!” என்று குப்பாண்டி கத்தினான்.

சேவகர்கள் மகாராஜாவைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்தார். கட்டை அவிழ்த்தார்கள். மயிலாத்தா கன்றிப்போன மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

“மோர்க்காரி வழக்கு முடிந்தது. இனி தடையில்லை. மகாராஜா, தாங்களே இந்த இரண்டையும் சுண்டிப் பாருங்கள்” என்றான் குப்பாண்டி.

மகாராஜா இறங்கி வந்து சுண்டினார். ‘டொக்.’ மற்றதைச் சுண்டினார். ‘டொக்.’ குப்பாண்டி கூட்டத்தில் நின்ற சொக்கியிடம் அவள் அம்மா வீட்டுக் காசை வாங்கிவந்து கொடுத்தான். மகாராஜா சுண்டினார். அது சபை முழுவதும் கேட்கும்படி கிணீரென்று பாடிக்கொண்டே போயிற்று.

“இனி ஊஞ்சலைப் பார்க்கலாம்” என்றான் குப்பாண்டி.

பலகையைத் தூக்கிவந்து வைத்தார்கள். மகாராஜா குனிந்து வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்தார். பலகை நிறைய யானைகள், எல்லாவற்றுக்கும் குடுமி. “எல்லா யானைக்கும் ஏன் ஒரே மாதிரி குடுமி?” என்று கேட்கும்போதே, பூச்சு தேய்ந்த ஈயம் ஒட்டி அவர் உள்ளங்கை கறுத்துப்போயிருந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். வண்ணானிடம் பேசினதெல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

தனபதியார் தடாலென்று காலில் விழுந்தார். உண்மை வெளியே வந்தது. அவர் மனைவியின் மாலையிலிருந்து ஒரு யானைக்காசைக் கழற்றி, வளையத்தை அராவிவிட்டு, அதை வைத்து மண்ணில் அச்செடுத்து ஈயத்தை வார்த்திருக்கிறார். ஊஞ்சலுக்கும் பரிசுக்கும் கூலிக்கும் அந்த ஈயக்காசையே கொடுத்திருக்கிறார். தழும்பில்லாத காசை யாரும் பார்த்ததில்லை என்பதால், தழும்பு இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று தெரிந்தே அப்படியே விட்டிருக்கிறார். அச்சு ஒன்று என்பதால் தழும்பும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஜனங்களிடம் பிடுங்கிய நல்ல காசெல்லாம் அவர் வீட்டு நெற்குதிருக்குள் கிடந்தது.

“வெட்டுங்கள் இவன் கையை!” என்று கர்ஜித்தார் மகாராஜா.

“பொறுங்கள் மகாராஜா” என்றான் குப்பாண்டி. “சற்றுமுன் தங்கள் வலது கையில் இருந்ததும் கள்ளக்காசுதான், தாங்களே சுண்டிப் பார்த்தீர்கள். முதலில் தங்கள் கை. அப்புறம் இவர் கை. வரிசை தப்பக் கூடாது.”

கொலைச்சேவகன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். ராஜாவின் முகத்துக்கு நேரே இப்படி ஒருவன் பேசி அந்தச் சபை கேட்டதில்லை. குப்பாண்டி கண்ணைத் தாழ்த்தவில்லை.

மகாராஜா தன் கறுத்த கையைப் பார்த்தார். “தெரியாமல் வாங்கினேன் குப்பாண்டி” என்றார், மெதுவாக.

“அந்த அம்மாளும் தெரியாமல்தான் வாங்கினாள், மகாராஜா.”

“சட்டம் ரத்து” என்றார் மகாராஜா. “யார் கையையும் யாரும் வெட்ட வேண்டாம். தனபதி, நீ பிடுங்கின ஒவ்வொரு காசையும் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போ. வாசலில் நின்று அவர்கள் எதிரில் சுண்டிக் காட்டு. இறுக்கிப் பிடிக்காமல் சுண்டு. அவர்கள் போதும் என்று சொல்லும்வரை நில்.” பிறகு வேட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “வண்ணானைக் கூப்பிடுங்கள். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்” என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் ஈயத்தின்மேல் உட்கார்ந்து தாத்தா, தாத்தா என்று ஆடியதை நினைத்து நினைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தன் சொந்தப் பெட்டியைத் திறந்து ஒரு பை நிறைய யானைக்காசை எடுத்துக் குப்பாண்டிக்குக் கொடுத்தார். சொக்கி ஓடிவந்து பையை வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் தழும்பு வால் பக்கம், ஒன்றில் காலடியில், ஒன்றில் காதோரம்.

“ஆக, ஒருத்தி கழுத்து இல்ல. ஊர்ல இருக்கிற அத்தனை பேரு கழுத்துமா?” என்றாள். மகாராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்தபிறகும் மயிலாத்தா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

“உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா” என்றார் மகாராஜா.

“தானமெல்லாம் வேணாம் மகாராசா. மோருக்குச் சேர வேண்டிய காசு மட்டும் குடுங்க.”

மகாராஜா பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்துத் தன் கையாலேயே கொடுத்தார். மயிலாத்தா அதை முந்தானையில் முடியவில்லை. நேரே கல்லுக்குப் போய்ச் சுண்டுவதற்காகக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்தாள். அமைச்சர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. “ஏ பெண்ணே, மகாராஜா கொடுத்ததையா சோதிக்கிறாய்?” என்று அதட்டினார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போன தடவை சோதிக்காமத்தான் சாமி வாங்கினேன்” என்றாள். சுண்டினாள்.

காசு பாடி முடிகிறவரைக்கும் மகாராஜா எழுந்து நின்று காத்திருந்தார்.